பின் இருக்கைக்கு ஒரு நீராவி மெஷின்

"ஹலோ... ஹலோ! யோகன்? ... ஓம், ஓம், கேக்குது, நீ கத்தாத. ... கடைக்குள்ளதானே நிக்கிறாய்? ... நல்லது. எத்தனை மெஷின் வச்சிருக்கிறான்? ... மூண்டோ? மூண்டையும் மேசையில தூக்கி வைக்கச் சொல்லு. ... என்ன, பாரமோ? அது அவன்ர தொழில். அவன் தூக்கட்டும்."

மகேந்திரராசா தொலைபேசியில் பேசும்போது உட்காருவதில்லை. அரசாங்கத் திணைக்களமொன்றில் பிரதிப் பணிப்பாளராக இருந்து இளைப்பாறியவர். பதவி போய்க் கனகாலமாகியும் ரிசீவரைத் தூக்கியதும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். மறுபக்கத்தில் இருப்பவரும் எழுந்து நிற்கிறார் என்ற நம்பிக்கையோடுதான் பேசுவார்.

சாப்பாட்டு மேசையில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்த மனைவி பத்மாதேவிக்கு மறுபக்கத்துப் பேச்சு கேட்காது. கேட்கத் தேவையுமில்லை. யோகேந்திரன் அவளுடைய தம்பி. வத்தேகமவில் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். கணவரின் குரல் நிற்கிற இடைவெளி எவ்வளவு நீளம் என்பதை வைத்தே தம்பி என்ன சொல்கிறான், எதைச் சொல்லப் பயப்படுகிறான் என்பதை அவள் அளந்துவிடுவாள்.

"முதலாவது எப்பிடி? ... கேத்தில் மாதிரியோ? கையில பிடிக்கிறதோ? ... சீ! அது உடுப்பு மினுக்கிற சாமான். ஆவியோட தண்ணியையும் சேத்துத் துப்பும். சீற் நனையக்கூடாது யோகன். நனைஞ்சால் ஈரம் ஸ்பொஞ்சுக்குள்ள இறங்கி, மணம் அங்கயே குடியிருக்கும். எங்களுக்கு வேண்டியது உலர்ந்த ஆவி. ... உலர்ந்த ஆவி எண்டால் உலர்ந்த ஆவிதான்! நீ சயன்ஸ் படிக்கேல்லையே? ... கணக்கோ. சரி, கணக்கு."

அவர் கையில் இன்டர்நெட் கடையில் அடித்தெடுத்த கடதாசிக் கட்டொன்று இருந்தது. மூன்று நாளாக அதைத் திருமந்திரம் போலப் படித்திருந்தார். கூரைத் துணிக்கு ஆவியைக் கிட்டப் பிடித்தால் பசை விட்டுத் துணி தொங்கும், சீற்றுக்கு நைலோன் பிரஷ், டாஷ்போட்டுக்குத் துணி சுற்றிய மூக்கு என்று அவருக்கு இப்போது எல்லாம் பாடம். இன்னும் ஒரு காரைக்கூடத் தன் கையால் கழுவியதில்லை என்பது மட்டுந்தான் குறை.

"இரண்டாவது? ... சில்லு இருக்கோ? இத்தாலியோ! ... அமுக்கம் எத்தனை பார்? ... நாலு. ... கொதிக்க எவ்வளவு நேரம் எடுக்குமாம்? ... ஓம்... ஓம்... வால்வ் இருக்கோ? ... டேய், டேய், 'ப்ரெஷர்' எண்டு உரத்துக் கத்தாத! லைனில ஆர் இருக்கினமோ ஆருக்குத் தெரியும். 'அமுக்கம்' எண்டு சொல்லு. ... ஏன், தமிழில சொன்னால் இன்னும் சந்தேகப்படுவினமோ? ... அதுவும் சரிதான். ஒண்டும் சொல்லாத. நான் கேக்கிறதுக்கு ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லு."

பஸ்ஸில் பார்சல் என்றாலே குண்டோ என்று பக்கத்தில் இருப்பவர் எழும்பி அடுத்த சீற்றுக்குப் போகிற காலம் அது. போன மாதம் வத்தேகமவில் யோகேந்திரனோடு ஒரே அறையில் இருந்த பெடியன் திருத்தக் கொடுத்த ரேடியோவைக் கையில் கொண்டுவந்தான். அவனை மறித்த பொலிஸ், ரேடியோவைத் திருப்பிக் கொடுத்தது. பெடியனைத் திருப்பிக் கொடுக்கக் கிழமைகள் எடுத்தது. யோகேந்திரனின் அடையாள அட்டையிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம்தான். இது பத்மாவுக்குத் தெரியும். மகேந்திரராசாவுக்கும் தெரியும். ஆனால் அவருடைய தகவல்கள் எல்லாம் பதவி வரிசையில் நிற்பவை. மைத்துனனின் அடையாள அட்டை கடைசி வரிசையில் நின்றது.

"மூண்டாவது? ... இதுவும் இத்தாலியோ? ... ம்... ம்... எவ்வளவு பெரிய டாங்கி? ... கேஸ் சிலிண்டர் மாதிரியோ! ... மணிக்கூடு மாதிரி ஒண்டும் பூட்டியிருக்கோ? முள் ஆடுதோ? ... ஆ! அது கேஜ். அதுதான் முக்கியம். ... குழாய் எவ்வளவு நீளம்? ... நுனியில என்ன, துவக்கு மாதிரி விசையோ? நல்லது, நல்லது. ... என்ன? தோளில மாட்டுறதுக்கு வாரும் இருக்கோ! யோகன், வேற கதை வேண்டாம். உதுதான். உதையே எடு."

பத்மாதேவி கத்தியைக் கீழே வைத்தாள். தோளில் வார், முதுகில் உருளை, கையில் துப்பாக்கி விசை, ஆடுகிற முள். இந்தக் கோலத்தோடு தம்பி கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கண்டியிலுள்ள இந்த வீட்டுக்கு வரவேண்டும். ஒரு தமிழன் அந்தக் காலத்தில் உலகத்தில் என்னென்ன பொருளைத் தொடக்கூடாதோ, எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி இத்தாலிக்காரன் விற்றுக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "சின்னனை எடுக்கச் சொல்லுங்கோ. கேத்தில் மாதிரி எண்டால் கேத்தில் எண்டே சொல்லிப் போடலாம்."

அவர் ரிசீவரைக் கையால் பொத்தினார். "பத்மா, இது கொம்பரிசன். உமக்கு விளங்காது." கையை எடுத்தார். "... ஒண்டுமில்லை, அக்கா சமையல் கதைக்கிறா. ... ஏன் பாரூக்கிட்டக் காரைக் குடுக்கேல்லையோ? நல்ல கேள்வி. பாரூக் தண்ணியடிச்சுக் கழுவுவான், அவ்வளவுதான். இது உள்வேலை. இன்டீரியர். அதுக்குத் தனிப் படிப்பு. ... ஓம், ஞாயிற்றுக்கிழமைதான் எங்கட சங்கத்து விழா. கொழும்பிலயிருந்து வாற பிரதம விருந்தினரை ஸ்டேஷனிலயிருந்து என்ர காரிலதான் கூட்டிக்கொண்டு போறன். பொன்னாடை போர்த்த வாறவரை ஓட்டோவிலயே ஏத்துறது? ... சீற்றுக்கு என்ன நடந்ததோ? ... ஒண்டும் நடக்கேல்லை. பொதுவாத்தான். தூசி."

தூசி.

நடந்தது இதுதான். போன கிழமை பிள்ளையார் கோயில் அபிஷேகம் முடிந்து, ஒரு தட்டு மோதகத்தை வாழையிலையால் மூடி, காரின் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு மகேந்திரராசா ஒரு பிரிகேடியரைப் பார்க்கப் புறப்பட்டார். அந்தப் பிரிகேடியரோடு ஒருமுறை ஒரு மேடையில் பக்கத்து வரிசைக் கதிரையில் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து "என்ர காரை ஒருத்தனும் மறிக்கமாட்டான்" என்று கண்டியிலுள்ள கல்யாண வீடுகள் அனைத்திலும் சொல்லியிருக்கிறார். பாலத்தில் மறித்தார்கள். கதவைத் திறந்து மோப்ப நாயை உள்ளே விட்டார்கள். நாய் வெடிமருந்தைத் தேடவில்லை. பிரிகேடியருக்கு உரிய மோதகம் முழுவதையும் இலையோடு தின்றது. தின்ற வேகத்திலேயே வெண்ணெய் நிறச் சீற்றில் அத்தனையையும் கக்கிச் சத்தியெடுத்தது. முன் இருக்கையில் இருந்த பத்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சிப்பாய்கள் சிரித்தார்கள். அவர் தன் பெயரையும் பதவியையும் சொன்னார். இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

பாரூக்கின் கடைக்குக் காரைக் கொண்டுபோனால் "என்ன சேர், சீட்டில?" என்று கேட்பான். மத்தியானத்துக்குள் மூன்று பாஷையிலும் கண்டி முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் கார் போர்வைக்குள்ளும் அவர் 'காய்ச்சலிலும்' இருந்தார். பத்மா தேசிக்காய்த் தண்ணியும் சவர்க்காரமுமாகப் பலதரம் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டாள். சீற்றில் இப்போது மணமில்லை. அது இருந்தது அவருடைய மூக்கில். அங்கே ஆவி பிடிக்க இத்தாலியில் மெஷின் இல்லை.

"காசைக் குடுத்திட்டியோ? ... சரி. இப்ப கேள். பெட்டி பெரிசெண்டால் பெட்டியை விடு. தோளில மாட்டிக்கொண்டு பாலத்தால நட. ... ஏன் பயப்பிடுறாய்? ... யோகன்... யோகன், சொல்லுறதைக் கேள். பெட்டிக்குள்ள வச்சால்தான் சந்தேகம். வெளியில தெரிஞ்சால் ஒருத்தனும் கேக்கமாட்டான். அது மனோதத்துவம். ... போனை வைக்காத! கதைச்சுக்கொண்டே வா. நான் லைனில நிக்கிறன். ஆரும் மறிச்சால் ஒண்டும் கதையாத, போனை அவன்ர கையில குடு. மகேந்திரராசா எண்டு ஒரு சொல்லு. அது போதும்."

"அவனை ஓட்டோவில திரும்பி வத்தேகமவுக்குப் போகச் சொல்லுங்கோ," என்றாள் பத்மா. குரல் உயரவில்லை. உயராததால் அவருக்குக் கேட்கவுமில்லை.

"... ஓம். நடக்கிறியோ? ... ஓம். ... ஆக்கள் பாக்கினமோ? பாக்கட்டும். ... ஆர் விலகிப் போகினம்? ... வழி விடினம் எண்டு நினை. ... பாலம் தெரியுதோ? ... வரிசையில நில்லு. மற்றவையைப்போல நில்லு. ... ஓம்... ஓம்... மழை தூறுதோ? கேஜ் நனையாமல் பார். ... யோகன்? ... யோகன், ஏன் பேசாமல் நிக்கிறாய்? ... ஆரோ சிங்களத்தில கத்துறது கேக்குது. ... என்னத்தை இறக்கச் சொல்லுறான்? ... கையைத் தூக்கச் சொல்லுறானோ? தூக்கு, தூக்கு! ... இல்லை, போன் இருக்கிற கையை முதல் நீட்டு. என்ர பேரைச் சொல்லு. ... சொல்லீட்டியோ? ..."

பத்மா எழுந்து அவருக்கு அருகே வந்து நின்றாள். இப்போது ரிசீவருக்குள் ஒரு புதுக் குரல் இரைவது அவளுக்கும் கேட்டது. சொற்கள் தெரியவில்லை. இரைச்சலின் தடிப்பு மட்டும் தெரிந்தது.

மகேந்திரராசா தொண்டையைச் செருமினார். "ஹலோ! குட் மோர்னிங்! திஸ் இஸ் மகேந்திரராசா, ரிட்டயர்ட் டெப்யூட்டி டைரக்டர், ஸ்பீக்..."

நிறுத்தினார். நிறுத்தப்பட்டார் என்பதே சரி.

"ஓவ் மஹத்தயா... ஓவ்... நே மஹத்தயா... ஓவ், ஓவ், தெமள தமய்..."

ஆம் ஐயா, இல்லை ஐயா, தமிழ்தான் ஐயா. பதவி ஒவ்வொரு படியாக இறங்கியது. பிரதிப் பணிப்பாளர் உதவிப் பணிப்பாளரானார், பிறகு பெரிய கிளாக்கரானார், பிறகு கதவருகே நிற்கிற ஒருவரானார். நிமிர்ந்த முதுகும் கூடவே இறங்கியது. அதன்பிறகு அவர் பேசியதெல்லாம் சிங்களம். வினைச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் மரியாதை மட்டும் இருக்கிற சிங்களம். பத்மா அதைத் தனக்குள் தமிழாக்கிக்கொண்டே நின்றாள்.

"அது மெஷின் ஐயா... கார் கழுவுற... இல்லை, தண்ணியில்லை, ஆவி... இல்லை, வெடிக்காது ஐயா, வால்வ் இருக்கு... ஆருக்கோ? அது... அது பிரிகேடியர் ஐயாவுக்கு. ... ஓம் ஐயா, பிரிகேடியரின்ர காருக்குத்தான். ... எந்தப் பிரிகேடியரோ? ... பேர்... கொஞ்சம் நீளமான பேர் ஐயா... இல்லை, டெலிபோன் நம்பர் கைவசம் இல்லை... இல்லை, அவருக்கு மெஷின் வாறது தெரியாது..."

மறுபக்கத்துக் குரல் தடித்தது. பின்னால் நாய் ஒன்று குரைத்தது. அது மட்டும் அறை முழுவதற்கும் தெளிவாகக் கேட்டது.

"இந்த ஆளோ? ... யோகேந்திரன்... வாத்தியார் எண்டுதான் நினைக்கிறன். ... எனக்கு என்ன முறையோ? ..." மகேந்திரராசா மனைவியைப் பார்த்தார். உடனே சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். "... முறை எண்டு சொல்லப்போனால் ஐயா... மனிசியின்ர பக்கம்... தூரத்து... அவ்வளவாப் பழக்கமில்லை ஐயா. அவர் என்ன வேண்டினார், ஏன் வேண்டினார் எண்டு எனக்கு..."

ரிசீவர் அவருடைய கையில் இல்லை.

அதைப் பத்மா பறித்தாள் என்று சொல்லமுடியாது. கறிச்சட்டியிலிருந்து சிரட்டை அகப்பையை எடுப்பதுபோல எடுத்தாள். லீக்ஸ் மணக்கிற கையோடு காதில் வைத்தாள். அவளுடைய சிங்களம் திணைக்களத்தில் படித்ததில்லை. கண்டிச் சந்தையில் மரக்கறிக்காரிகளோடு விலை பேசிப் பழகியது. அதில் மரியாதை அளவாக இருக்கும், வினைச்சொற்கள் எல்லாம் இருக்கும்.

"ஐயா, நான் அவருடைய மனைவி பேசுறன். உங்களுக்கு முன்னால கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறது என்ர சொந்தத் தம்பி. கூடப் பிறந்தவன். தூரம் ஒண்டுமில்லை. ... ஓம். ... அது கார் சீற் கழுவுற ஆவி மெஷின். கடை உங்களுக்குத் தெரியும், சந்தியில இருக்கு. ஆளை அனுப்பிக் கேளுங்கோ. ... பிரிகேடியருக்கு இல்லை. அந்தக் கதையை விடுங்கோ. எங்கட காருக்கு. ... ஏன் கழுவவேணுமோ? ..."

மகேந்திரராசா இரண்டு கையையும் ஆட்டினார். "பத்மா! அதைச் சொல்லாதயும்! பத்மா, மானம்!"

அவள் அவரை ஒருதரம் பார்த்தாள். தம்பி ஒருதரம் உள்ளே போனால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"போன கிழமை உங்கட நாய் எங்கட காருக்குள்ள சத்தியெடுத்தது ஐயா. அதைக் கழுவ."

இரைச்சல் நின்றது.

"... ஓம். ... ஓம் ஐயா, வெள்ளிக் கலர் கார். ... ஓம், அதே ஆள்தான். டை கட்டின ஐயா. ... லட்டு இல்லை, மோதகம். ... மோதகம், ஐயா. அரிசிமாவுக்குள்ள பயறும் சக்கரையும் வச்சு அவிக்கிறது. ... இல்லை, ஒண்டும் கலக்கேல்லை. கெதியாத் திண்டதால வந்தது. ... இலையையும் திண்டது ஐயா. ..."

இப்போது ரிசீவரைக் காதில் வைக்காமலே கேட்கக்கூடிய சிரிப்பு வந்தது. ஒருவர் சிரிப்பு இல்லை. யாரோ யாரையோ கூப்பிட, அவர்கள் வந்து சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. பாரூக்கின் கடைக்குத் தெரியாமல் மறைத்து மறைத்து வைத்திருந்த கதை, சாவடியில் ஒவ்வொரு காவல் மாற்றத்தின் போதும் கைமாறி, இதற்கிடையில் தெல்தெனிய வரைக்கும் போய்விட்டதாம். அங்கே அதற்கு ஒரு பாட்டும் கட்டியிருக்கிறார்களாம். பத்மாவின் "ஓ... அப்பிடியோ... பாட்டுமோ"விலிருந்து மகேந்திரராசா இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு கதிரையில் உட்கார்ந்தார். அந்தத் தொலைபேசிக்கு அருகே அவர் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

"இப்ப நாய் சுகமோ? ... லீவோ? நல்லது, ஆறட்டும். ... ஐயா, என்ர தம்பி கையை இறக்கலாமோ? ... பெரிய உபகாரம். ... பேரைப் பதியாமல் விடுங்கோ ஐயா. பதிஞ்சால் பிறகு ஆரும் வருவினம். ... பதியேல்லையோ? சந்தோசம். ... ஓம்? ... என்னது, நாய் ஏத்துற வானோ? ... அதுக்குள்ளயும் சத்தியோ! ... அந்த மணத்தில ஓட்டுறவர் இருக்கேலாதோ? பாவம். ..."

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கண்ணில் சிரிப்பு இல்லை. விலை பேசி முடிக்கிற நேரத்தில் வருகிற தெளிவு மட்டும் இருந்தது.

"மெஷின் அங்கயே நிக்கட்டும் ஐயா. சனிக்கிழமை காலமை இவரே வந்து கழுவித் தருவார். ... ஓம், இவரே. ... இல்லை, கஷ்டமில்லை. இவருக்கு எல்லாம் தெரியும். எத்தனை பாரில பிடிக்கிறது, எந்தப் பிரஷ், கூரைத் துணி தொங்காமல் எப்பிடி, மூண்டு நாளாப் படிச்சிருக்கிறார். ... டை இல்லாமல் வருவார். ... ஓம். தம்பியிட்ட ஒருக்காக் குடுங்கோ."

மகேந்திரராசா கழுத்தில் இல்லாத டையைத் தடவினார்.

தமிழுக்கு மாறியபோது அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "யோகன்... தம்பி... அழாத. அடிச்சவங்களோ? ... உண்மையைச் சொல்லு. ... சரி. ... சேர்ட்டைச் சரியாப் போட்டுக்கொண்டு நட. ஓடாத, திரும்பிப் பாராத. வத்தேகம பஸ் வந்தால் ஏறு. இஞ்ச வராத. ... அத்தானோ? ... அத்தான் சொன்னது எல்லாத்தையும் நான் பக்கத்தில நிண்டு கேட்டனான். ... நீயும் கேட்டனியோ? போனுக்கு வெளியாலயோ? ... ம். ... ஓம். தூரத்துச் சொந்தம் எண்டு. ... சாப்பிட்டிட்டு அக்காவுக்கு ஒரு கோல் எடு. என்ன? ... யோகன்? ... பஸ்ஸோ? ... ஏறு, ஏறு!"

அறுந்தது. ஆளில்லாத லைன் ரிசீவருக்குள் நீளமாக ஒரே சுருதியில் கூவத் தொடங்கியது. அவள் அதை வைக்கப் போனாள்.

மகேந்திரராசா எழுந்து கையை நீட்டினார். "தாரும். நான் அந்த ஒபிசரோட கதைக்கவேணும். இப்பிடி விடக்கூடாது. ஒரு முறை இருக்கு."

கொடுத்தாள்.

அவர் ரிசீவரைக் காதில் வைத்தார். அந்தக் கூவல் மேசை வரைக்கும் கேட்டது. பத்மாதேவி கத்தியை எடுத்து மிச்ச லீக்ஸை அரியத் தொடங்கினாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டி, மெல்ல மெல்ல நிமிர்ந்தார்.

"ஹலோ... ஆ, நீங்களோ... ஓம், ஓம்... இல்லை, மன்னிப்பெல்லாம் வேண்டாம். உங்கட ஆக்களுக்கு என்னை அடையாளம் தெரியேல்லை, அவ்வளவுதான்... சனிக்கிழமையோ? நான் வந்து மேற்பார்வை செய்யிறன்... வாகனம் அனுப்பவேண்டாம்... நல்லது. நல்லது."

கடைசியில் சில வசனங்களைச் சிங்களத்திலும் சொன்னார். மறுபக்கத்தில் எவருமில்லாதபோது அவருடைய சிங்களத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை.